ஒரு சாண் தளர்ந்த சால்வை

1.

அன்று அங்கே இருந்தவர்கள்: பெண்ணின் அப்பா பாலுசாமி, கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அம்மா சென்னியம்மாள். பெண் சண்முகப்பிரியா. மாப்பிள்ளை கந்தவேல். அவருடைய அப்பா பெருந்துறை நாச்சிமுத்து, அம்மா குழந்தையம்மாள். பட்டறையில் கடைசல் வேலை செய்யும் ஆல்வின். பக்கத்து வீட்டு ஜன்னத். சென்னியம்மாளின் அண்ணன். இன்னும் இரு பக்கத்து உறவினர்கள் இருநூறு பேர். அவர்கள் பந்தி எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்ததால் சாட்சிகளாகச் சேர்க்கவில்லை.

இடம், கணபதியில் ஒரு கல்யாண மண்டபம். நாள், 1996 தை மாதத்தின் கடைசி ஞாயிறு. நிச்சயதார்த்தம். காலை பத்தரை மணி.

இரண்டு வருடம் கழித்து இதை ஏன் எழுத வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஈரோட்டில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே பக்கத்து ஆளிடம் சொன்னார்: "கணபதி சென்னியம்மா தெரியுமில்லீங்க? சால்வை பின்னி வித்துப் பொழச்ச அம்மா."

நான் பாதியில் இலையை மடித்து எழுந்தேன். நான் அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவன். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு குயர் காகிதம் வாங்கினேன். இதுவரை நான் எழுதியவை சங்கத்தின் ஆண்டறிக்கைகள் மட்டும்தான். கதை இதுவே முதல். அறுபத்து மூன்று வயதில் பேனாவைத் திறந்தால் மூட மனம் வராது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

2.

தொடக்கம் ஒன்று: "கோயம்புத்தூரின் மார்கழிக் குளிர் எலும்பைத் துளைக்கும்." (அடித்துவிட்டேன். துளைக்காது. ஆனாலும் நாங்கள் மப்ளர் கட்டுவோம்.)

தொடக்கம் இரண்டு: "பெண்களின் கைகள் ஓய்வதே இல்லை." (இதையும் அடித்தேன். சென்னியம்மாளின் கைகள் நன்றாக ஓய்ந்திருந்தன. மகள் கல்லூரிக்கும் கணவர் பட்டறைக்கும் போனபின் அவளுக்குப் பகல் முழுவதும் சும்மாதான்.)

தொடக்கம் மூன்று. இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

1995 தை மாதத்தில் ஒரு நாள் சென்னியம்மாள் சர்க்கரை கேட்க ஜன்னத் வீட்டுக்குப் போனாள். ஜன்னத் குன்னூரில் வளர்ந்தவர். மடியில் உல்லன் நூல் உருண்டை, கையில் இரண்டு பின்னல் ஊசி. ஒரு நூல் கண்ணி இந்த ஊசியிலிருந்து அந்த ஊசிக்குத் தாவியது. பின்னாலேயே இன்னொன்று தாவியது. சென்னியம்மாள் டம்ளரோடு ஒரு மணி நேரம் அங்கேயே நின்றாள்.

"உக்காருங்களேன் அக்கா."

"சித்த இரு கண்ணு. அந்த நூல எப்பிடி உள்ள உட்டே? மறுக்காச் செய்யி."

சர்க்கரை வாங்காமலே திரும்பினாள். இரவு பாலுசாமி வெறும் பால் குடித்தார். "எனக்கு ரெண்டு ஊசி வேணுங்க," என்றாள். கடையில் வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். பட்டறைக்காரர் அப்படிச் சொல்வாரா? மறுநாள் ஆல்வின் லேத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைப் பிடித்து, சரியாக நாலு மில்லிமீட்டருக்கு இரண்டு ஊசி கடைந்து, எமரி தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி போலக் கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் மப்ளர் பாலுசாமியின் முழங்கால் வரை தொங்கியது. நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டாவது, ஜன்னத்தின் அம்மாவுக்கு. மூன்றாவது, பட்டறை நாய்க்கு. (இது உண்மை. நாயைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அரை நாள் யோசித்தேன்.) அதற்குப் பிறகு அவள் துணிந்து எடுத்தது சால்வை. மஞ்சள் நூல், அரக்குக் கரை, வரிசைக்கு நூற்று அறுபது கண்ணி. அண்ணனின் மணிவிழாவுக்குள் முடிக்க வேண்டும். ஆறு மாதம் இருந்தது. கனவில்கூட எண்ணினாள் என்று பாலுசாமி சொல்கிறார். எனக்கு அது பிடித்திருந்ததால் சேர்த்துக்கொண்டேன்.

3.

இந்தப் பகுதி சிறியது. ஆனால் கதை முழுக்க இதில்தான் தொங்குகிறது.

சால்வை பாதி வளர்ந்தபோது ஒரு ஊசி பஸ்ஸில் தொலைந்தது. பாலுசாமி பெருந்துறைக்குச் சரக்கு ஏற்றப் போயிருந்த நேரம். ஆல்வின் புதிதாக ஒன்று கடைந்து கொடுத்தார். அதை வைத்து ஒரு சாண் பின்னியபின்தான் அந்த இடம் மட்டும் தளர்வாக இருப்பதைச் சென்னியம்மாள் பார்த்தாள். தன் கையைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். பிறகு கணவரின் வெர்னியரை எடுத்து ஊசியை அளந்தாள். நாலரை மில்லிமீட்டர்.

"ஏன் ஆல்வின், பெருசாக் கடைஞ்சு போட்டியே?"

"வேணும்னுதானுங்க அக்கா. நட்டு முடுக்கற ரிஞ்சுன்னா புடி தடியா இருந்தாத்தான் கை நோகாது. ஊசியும் அப்பிடித்தானேன்னு நெனச்சேன்."

அவள் சிரித்த சிரிப்பில் லேத்தை நிறுத்திவிட்டார்களாம். ஆல்வின் அதையே நாலாகக் கடைந்து கொடுத்தார். பிரிக்க நேரமில்லை, தளர்ந்த ஒரு சாணை அப்படியே விட்டுவிட்டாள். ஆவணியில் மணிவிழா. அண்ணன் தோளில் அந்தச் சால்வை ஏறியது. அன்று அவருக்கு விழுந்த முப்பத்தொன்றில் அது ஒன்று.

(அடிக்குறிப்பு போல ஒன்று: மேடையில் போர்த்தும் சால்வைகள் எங்கள் பக்கத்தில் யார் தோளிலும் தங்குவதில்லை. பீரோவுக்குப் போகும், அங்கிருந்து அடுத்த விழாவுக்குப் போகும். எல்லோரும் செய்வது, யாரும் சொல்லிக்கொள்வதில்லை.)

4.

இப்போது நிச்சயதார்த்தம். பேனா முன்னால் ஓடுகிறது, பிடித்து நிறுத்தி எழுதுகிறேன்.

வெற்றிலைத் தட்டு மாறியது. நாச்சிமுத்து எழுந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து விரித்து, சம்பந்தியான பாலுசாமிக்குப் போர்த்தினார். வெற்று உறையைச் சென்னியம்மாளின் கையில் கொடுத்தார்கள்.

மஞ்சள். அரக்குக் கரை. அவள் எழுந்து போய்க் கணவரின் தோளைத் தொட்டாள். விரல் ஒரு சாண் தளர்வில் போய் நின்றது. அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். இதை அழுத்திச் சொல்கிறேன். தொலைந்த கன்று பட்டிக்குத் தானே வந்தது போல.

"ஏனுங்க, இது நான் பின்னிப் போட்டதுங்க! என்ற அண்ணனுக்குப் போட்டுக் குடுத்ததுங்க!"

சொல்லி முடித்தபின்தான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. நாச்சிமுத்துவின் முகம் இறுகியது. பழைய சால்வையைச் சம்பந்திக்குப் போர்த்தியவர் என்று இருநூறு பேர் முன்னால் ஆகிவிட்டது. எல்லாத் தலையும் அண்ணன் பக்கம் திரும்பியது. தாய்மாமன் என்று முதல் நாற்காலியில் இருந்தவர் அவர்.

அண்ணன் சொன்னார்: "அது ஊட்டுல காணாமப் போன சால்வை. திருட்டுப் போயிருச்சு."

"அப்ப நானு திருட்டுச் சால்வை போத்துனேனுங்களா?" நாச்சிமுத்து மேல்துண்டை உதறினார். "குழந்தே, எந்திரி. வண்டிய எடுக்கச் சொல்லு."

சண்முகப்பிரியா தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். சென்னியம்மாள் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். உள்ளே அட்டைக்கு அடியில் ஒரு சீட்டு: "5. சிறப்பு விருந்தினர்." எழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தில்தான் அவள் அகரம் படித்தாள்.

அவள் விரல்கள் சீட்டை மூடின.

"உக்காருங்க சம்பந்தி. தப்பு என்மேலதானுங்க. இதே மாதிரி ரெண்டு போட்டேன். ஒன்னைய மகளிர் கண்காட்சியில வித்துப்போட்டேன். அதத்தான் யாரோ உங்களுக்கு வாங்கியாந்து குடுத்திருக்கறாங்க, புதுசுதானுங்க. அண்ணனுது எங்கூட்டுல இருக்குதுங்க. அலசிக் குடுக்கலாம்னு நாந்தான் எடுத்தாந்தேன். அண்ணங்கிட்டச் சொல்ல மறந்துபோட்டேன்."

"வித்தியா?" என்றார் பாலுசாமி. உண்மையாகவே அதிர்ந்துபோனார். அந்த அதிர்ச்சியைப் பார்த்து எல்லோரும் நம்பினார்கள்; அதுதான் அவளைக் காப்பாற்றியது.

நாச்சிமுத்து உட்கார்ந்தார். குழந்தையம்மாள் சிரித்தாள். "அதுக்கென்னங்க அம்மணி. கூறைப்புடவை எடுக்க வாரப்ப அந்த இன்னொன்னையும் பாக்கோணும். ரெண்டையும் பக்கத்துல வெச்சு."

கூறைப்புடவை எடுக்கும் நாளுக்கு இருபத்தாறு நாள் இருந்தது. இன்னொரு சால்வை இந்த உலகத்தில் இல்லை.

5.

இந்த அண்ணன் பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. மேலே எல்லோருக்கும் பெயர் கொடுத்தேன், இவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. கவனித்திருப்பீர்கள். எழுதினால் மரம்போல நிற்கிறார். நான்கு விதமாக அவரைக் காப்பாற்றிப் பார்த்தேன்:

அவர் வீட்டு வேலையாள் தெரியாமல் எடுத்துக் கொடுத்து— (இல்லை. அப்பாவி ஒருவன் தலையில் போடுவதா?)

முப்பத்தொரு சால்வைகளில் எது யாருடையது என்று அவருக்கு—

கண் பார்வை குறைவு என்பதால்—

நான் தெரியாமல்தான் கொடுத்தேன்.

நான்காவதில் மாட்டிக்கொண்டேன். அண்ணன் நான்தான். பெயர் குமாரசாமி. கூட்டுறவுச் சங்க விழாவில் ஒரு சால்வை குறைந்தது. பீரோவைத் திறந்தேன். தெரியாமல் என்பதையும் அடிக்கிறேன். தெரியும். ஜரிகை இல்லாத உல்லன் சால்வை, நடுவில் தொளதொள என்று. என் தோளுக்கு அது கௌரவம் இல்லை என்று நினைத்தேன். மீந்த உறையில் போட்டு, அட்டை வைத்து, சீட்டில் எண் எழுதினேன். அங்கிருந்து எத்தனை தோள் ஏறிப் பெருந்துறைக்குப் போனதோ, அறியேன்.

நம் குடும்பத்துப் பெண் பின்னி விற்றாள் என்று இருநூறு பேர் கேட்டார்கள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

6.

இருபத்தாறு நாள். இதை நான் பார்க்கவில்லை. பிற்பாடு ஆல்வினும் ஜன்னத்தும் சொன்னது. பார்க்காததை எழுதும்போதுதான் எனக்கு உற்சாகம் அதிகமாக வருகிறது.

அதே மஞ்சள் ஒப்பணக்காரத் தெருவில் கிடைக்கவில்லை. ஒரு படி வெளிறிய மஞ்சள்தான் இருந்தது. சென்னியம்மாள் கடையிலேயே கைதட்டினாளாம். அலசினால் வெளுக்கத்தானே செய்யும்! பொய்க்கு ஏற்ற நிறம் கடையில் காத்திருந்தது. ஜன்னத் தானும் பாதி பின்னுகிறேன் என்றார். "வேண்டாங் கண்ணு. கை மாறுனாக் கண்ணி மாறும்." பாலுசாமி அடுப்படிக்குள் போனார். இருபத்தாறு நாளும் ஒரே ரசம். சண்முகப்பிரியா வரிசை எண்ணினாள். கல்யாணம் நடக்குமா, நின்றுபோகுமா என்பது அந்த எண்ணிக்கையில் இருந்தது.

பதினோராம் நாள் ஆல்வினைக் கூப்பிட்டாள்.

"நாலரையில ஒரு ஊசி கடைஞ்சு குடு."

"அக்கா, அன்னைக்கு நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சேன். தப்புன்னு தெரிஞ்சு எப்பிடிங்க கடையறது? கை வராதுங்க."

"எனக்கும் வராதுதான். கடை."

கடைந்தார். மூன்று முறை நாலு மில்லிமீட்டராகவே வந்ததாம். நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினாராம். (கண்ணை மூடினால் லேத்தில் விரல் போகும். ஆல்வின் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.)

இருபத்தாறாம் நாள் காலை ஒன்பதுக்குக் கடைசிக் கண்ணி இறங்கியது. பதினொன்றுக்குக் கார் வந்தது. குழந்தையம்மாள் இரண்டையும் கட்டிலில் விரித்து, கையால் நீவிப் பார்த்தாள். கை நடுவில் நின்றது.

"ரெண்டுலயும் இந்த எடத்துல லேசா இருக்குதே அம்மணி?"

"அது டிசைனுங்க."

ஜன்னத் அடுப்படிக்கு ஓடிப் போய் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்பிடியா! எனக்கும் ஒன்னு போட்டுக் குடுங்க. இதே டிசைன்ல."

7.

பங்குனியில் கல்யாணம். பெருந்துறை மண்டபத்தில் காற்றே இல்லை. தாய்மாமன் மரியாதைக்கு என்னை நிறுத்தினார்கள். பாலுசாமி அந்த இரண்டாவது சால்வையை எனக்குப் போர்த்தினார். வெற்று உறையைச் சென்னியம்மாள் என் கையில் கொடுத்தாள்.

"பத்திரமா வெச்சுக்கங்கண்ணா," என்றாள். சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. தாலி கட்டி, பந்தி முடிந்து, பெண்ணை அனுப்பும்வரை நான் சால்வையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உறையை உதறினேன். சீட்டு விழுந்தது. "5. சிறப்பு விருந்தினர்." ஐந்துக்கு மேலே நான் போடும் கொக்கி வேறு யாருக்கும் வராது.

முடிவு ஒன்று: மறுநாளே கணபதிக்குப் போய் அவளிடம் சொன்னேன். (போகவில்லை.)

முடிவு இரண்டு: அவள் கோபத்தில் வைத்தாள், நான் சாகும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று.

முடிவு மூன்று: வேறு யார் கையிலும் சிக்கக்கூடாது என்று, என் மானத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றில் எது என்று நான் எழுதப்போவதில்லை. இரண்டு வருடமாக நாங்கள் அதைப் பேசியதில்லை. அவளுடைய ஊசிகள் நிற்கவில்லை. இப்போது பேத்திக்குத் தொப்பி போடுகிறாள். நாளை இந்தக் காகிதங்களைச் சீட்டோடு அவளிடம் கொடுக்கப்போகிறேன். படித்தபின் அவள் என்ன சொல்வாள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டில் பந்தியில் பேசியவருக்கு: என் தங்கை சென்னியம்மாள் இன்றுவரை ஒரு சால்வையும் விற்றதில்லை. கண்காட்சி எதற்கும் போனதில்லை. நிச்சயதார்த்தத்தன்று இருந்தது ஒரே சால்வைதான். அது திருட்டும் போகவில்லை. நான் கொடுத்தேன்.