மச்சானுக்கு ஓர் இடம்

எங்கள் ஊரில் விருந்தாளிகள் நான்காம் நாள் காலையில் வேர் விட்டுவிடுவார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. கூடத்தில் விட்டால் டைல்ஸ் பெயர்ந்துவிடும். ஊன்றியபின் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைப்பதும் இல்லை. அதனால் நகராட்சி மூன்று நாள் மாலை வகுப்பு நடத்துகிறது. தோட்ட வடிவமைப்பு, அடிப்படைப் பாடம்.

என் மனைவியின் அண்ணன் குற்றாலிங்கம் புதன்கிழமை வந்தார். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாப்ளே" என்றார். அவர் பெட்டியின் கனத்தைப் பார்த்ததும் நான் வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் இருப்பது பன்னிரண்டுக்கு இருபதடி. அதில் காலை வெயில் விழுவது ஒரே இடத்தில்தான். அங்கே என் சாய்வு நாற்காலி கிடக்கிறது. பத்தொன்பது வருடமாக அதில்தான் பேப்பர் படிக்கிறேன். மச்சானை எங்கே நட்டாலும் சரி, அந்த இடம் எனக்கு வேண்டும். நான் படிக்கப் போனதே அதற்காகத்தான்.

வகுப்பில் பக்கத்து வீட்டுச் செல்லதுரை சார் எனக்கு அருகில் உட்கார்ந்தார். அவர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. இருந்தாலும் முன்கூட்டியே படித்து வைக்கிற மனிதர்.

எஸ்தர் டீச்சர் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். உயரமானவர்களைப் பின்னால் வைக்க வேண்டும். அடிக்கடி தண்ணீர் கேட்பவர்களைக் குழாயடியில் வைக்க வேண்டும். "இன்னைக்கு இருக்கிற அளவைப் பாக்காதீங்க. வளந்தா எவ்வளவு வருவார்னு பாத்து இடம் விடுங்க" என்றார். முந்தின இரவு மச்சான் சாப்பிட்ட ஒன்பது தோசையை நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை என் வரைபடத்தைக் காட்டினேன். மச்சானைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நல்ல நிழலில் வைத்திருந்தேன்.

"குளிருது குளிருதுன்னு போர்வைக்குள்ளயே இருக்காரா?"

"ஆமா டீச்சர்."

"அப்ப முழு வெயில் ரகம்" என்று சொல்லி, அழித்துவிட்டு, என் நாற்காலியின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் பாடம் பாடம்தான். அன்று மாலை மச்சானை அங்கே நிறுத்தினோம். "இடம் சொகமா இருக்கு மாப்ளே" என்றார். காலையில் பார்த்தபோது கணுக்கால் வரை இறங்கியிருந்தார். டீச்சர் வந்து மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு எனக்கு முதல் வகுப்புச் சான்றிதழ் கொடுத்தார். அதை மடித்துப் பையில் வைத்தேன். நாற்காலியையும் மடித்துத் தூக்கிக்கொண்டு செல்லதுரை சார் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

அங்கே செடி கொடி ஒன்றும் இல்லை, வெயில்தான் நிறைய. சார் பேப்பரில் பாதியை எனக்குக் கொடுத்தார். கோபத்தில் நான் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. என் மனைவி சுவருக்கு மேலே இட்லி நீட்டினாள்.

இன்று திங்கட்கிழமை, மூன்றாம் நாள். மாலையில் செல்லதுரை சார் டேப்பும் நோட்டுமாக வந்து தலை முதல் கால் வரை என்னை அளந்தார்.

"காபி எத்தனை தடவை?"

"ரெண்டு."

குறித்துக்கொண்டார். என்னை எழுப்பி, நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நடுவில் ஓர் இடத்தைக் காட்டினார். போய் நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சான், "இன்னும் ஒரு அடி இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க மாப்ளே, பேசிக்கிட்டிருக்கலாம்" என்றார்.

தள்ளி நின்றேன்.