கழுதை கடித்த கயிறு

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சாஹுல் ஹமீட்டின் தேத்தண்ணிக் கடையில் நான் ஒரு பிளேன்டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தேன். பின்மேசையில் மூன்று பேர் மலை ஏறுவதைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். எங்கள் தீவில் மலை கிடையாது. ஆக உயரமான இடம் எது என்று கேட்டால், ஆஸ்பத்திரிக்கு முன்னால் போட்டிருக்கும் வேகத்தடையைக் காட்டுவார்கள். எனவே காதைத் தீட்டிக்கொண்டேன்.

அன்று கேட்டது கால்வாசி. மிச்சம் என்னுடைய சரக்கு. என்னை நம்பலாம். கொண்டல் காற்றில் பறந்து இராமேஸ்வரம் போன என் இடுப்புச் சாரம், கச்சான் காற்று திரும்பியதும் மடிப்புக் கலையாமல் வீடு வந்து சேர்ந்ததைக் கண்ணால் கண்டவன் நான்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனி மூடிய சிகரத்தின் அடிவாரத்தில் றொசாந்தன்—

அடித்துவிட்டேன். பனி என்று எழுதியதும் தாளே வேர்த்தது. அடுத்தது:

சோளகக் காற்று அன்று விழுந்துவிட்டிருந்த—

இதுவும் பொய். காற்று விழவில்லை. இதை எழுதும்போதும் வாசல் படலையைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு தரம் எழுந்துபோய்க் கட்டிவிட்டு வந்தேன். கட்டு நிற்கவில்லை, எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். றொசாந்தன் தாழ்வுபாடு என்ற மீன்பிடி ஊரில் படகு எஞ்சின் திருத்துகிறவன். கயிறு, கொளுவி, இடுப்புப்பட்டி என்று ஏறுகிற சாமான் எல்லாவற்றுக்கும் அவன் சொல்வதுதான் வேதம். கோகுலன் முருங்கனில் வயல் செய்கிறவன். டினோஜா வங்காலைப் பிள்ளை, மருந்துக்கடையில் வேலை.

மலை இல்லாததால் இவர்கள் ஏறுவது வங்காலைப் பக்கம் பாழடைந்து நிற்கும் ஒரு தண்ணீர்த் தாங்கியில். கொங்கிறீட் தூண், அதன்மேல் கிண்ணம். தூணில் இரண்டு விரல் போகிற ஓட்டைகள் நிறைய. சண்டைக் காலத்து ஓட்டைகள். பிடிக்க நல்ல வசதி என்பதற்குமேல் அவற்றைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. கிண்ணத்தின் விளிம்பு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். டினோஜா ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பில்தான் விழுகிறாள். அவள் ஏறஏறக் கொளுவிகளில் மாட்டிப்போகிற கயிற்றைக் கீழே நின்று பிடிக்கிற றொசாந்தன் ஒவ்வொரு முறையும் அவளை அந்தரத்தில் நிறுத்தியிருக்கிறான்.

திங்கட்கிழமை தாங்கியை இடிக்கப் போகிறார்கள். ஞாயிறு ஏறாவிட்டால் அவளுக்கு மலை இல்லை.

கடைப் பேச்சு இதோ, கூட்டாமல் குறைக்காமல்:

"கயித்தை மிதிச்சவனோட நான் ஏறமாட்டன்," என்றான் றொசாந்தன்.

"ஒருக்கா மிதிச்சதுக்கு ஒரு மாசம் என்னைச் சேர்க்காமல் விட்டனீ," என்றான் கோகுலன். "எங்கட வயலிலை பாம்பை மிதிச்சாலும் அது அப்பவே கொத்திப்போட்டு மறந்திடும் மச்சான்."

"மிதிச்சால் மண் உள்ளுக்கை போகும். மண் நூலை அறுக்கும். வெளியிலை ஒண்டும் தெரியாது. கயிறெண்டால் உயிர்."

"அப்ப கைக்குப் பூச வெள்ளைத்தூள் எங்கை? நீ தரேல்லை எண்டுதான் நான் அரிசிமா கொண்டந்தனான்."

"அரிசிமாவோ? வேர்த்தால் கையிலை புட்டு அவியுமடா!"

"தேங்காய்ப்பூவை நான் கொண்டுவாறன் கோகுலண்ணை," என்றாள் டினோஜா. "பைக் ஹெல்மெட்டையும் மறந்திடாதேங்கோ. புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிக்கு அது உதவும்."

[அடிக்குறிப்பு: இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவர் கீழே நிற்பவரைப் பார்த்து, "பிடிச்சாச்சோ?" என்று கேட்க வேண்டும். அவர், "பிடிச்சாச்சு, ஏறு," என்று சொல்லும்வரை கால் நிலத்தைவிட்டு எழும்பக்கூடாது. கடையிலும் அப்படித்தான். சுடுதேத்தண்ணியை நீட்டிக்கொண்டு, "பிடிச்சாச்சோ?" என்று கேட்டபடி நிற்பார்கள். மற்றவர் விடை சொல்லும்வரை கிளாஸை விடமாட்டார்கள். சாஹுல் ஹமீட்டுக்கு இது பெரிய தலையிடி.]

4

மூன்றாம் பகுதியில் ஒரு காதல் இருந்தது. கோகுலனுக்கு அது பொருந்தவில்லை. எடுத்துவிட்டேன்.

இப்போது கழுதை. வாசகர் இந்த இடத்தில், "கிழவன் தொடங்கிவிட்டான்," என்பார். மன்னாரில் கழுதையை இட்டுக்கட்ட வேண்டிய தேவை இதுவரை எவருக்கும் வந்ததில்லை. கதவைத் திறந்தால் போதும்.

கயிற்றை நல்ல தண்ணீரில் கழுவி, வெயில் படாமல் நிழலில் காயவிட வேண்டும் என்பது றொசாந்தனின் சட்டம். வெள்ளிக்கிழமை கழுவினான். தாழ்வுபாட்டில் காற்றும் நிழலும் ஒருமிக்கக் கிடைக்கிற இடம் ஒன்றுதான்: அவன் அம்மா கருவாடு காயப்போடும் பரணின் அடி. அங்கே கயிற்றை வளையமாகத் தொங்கவிட்டு எஞ்சின் திருத்தப் போனான். மேலே உப்புப் போட்ட மீன். மீனிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கயிற்றில் இறங்கியது. வேறு ஊரில் மலையேறுகிற எவனும் இந்தப் பிழையை விடமாட்டான். அவனுக்குக் கருவாட்டுப் பரண் வாய்க்காது.

கழுதைக்கு உப்பென்றால் உயிர். றொசாந்தன் திரும்பி வந்தபோது அது கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைக் கடித்துச் சப்பிக்கொண்டிருந்தது.

துரத்திவிட்டு, ஈரமான இடத்தை விரலால் நசுக்கிப் பார்த்தான். மேலுறை கொஞ்சம் மயிர் எழும்பியிருந்தது. உள்ளே திரட்சியாக இருக்க வேண்டிய நூல், அந்த ஒரு சாண் இடத்தில் தட்டையாக, மெத்தென்று இருந்தது. அறுந்திருக்கலாம். அறாமலும் இருக்கலாம். சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் காணவில்லை. மயிரை எச்சில் தொட்டுத் தடவி அமத்திவிட்டான்.

5

இந்த இடத்தில் எனக்கு இவன்மேல் சந்தேகம். கயிறெண்டால் உயிர் என்கிறவன் வாய் திறக்கமாட்டானா? கொழும்பிலிருந்து புதுக்கயிறு வரக் கிழமைகள் செல்லும், அதற்குள் தாங்கி போய்விடும், சரி. ஆனால் அவன் வாயை அடைத்தது அதுவல்ல என்று நினைக்கிறேன். ஒரு மாதம் தள்ளிவைக்கப்பட்ட கோகுலன் எப்படிச் சிரிப்பான் என்பது அவன் காதில் முன்கூட்டியே கேட்டுவிட்டது.

எழுதிக்கொண்டிருந்தபோது றொசாந்தனே வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். (வரவில்லை என்று நீங்கள் நிரூபிக்க முடியாது.)

"ஐயா, கடியை ஏன் கயித்துக்கு நடுவிலை வைச்சனீங்கள்?"

"நுனியில் வைத்தால் நீ வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தில் ஏறுவாய். நடுவில் வெட்டினால் இரண்டு துண்டும் தாங்கிக்கு நீளம் காணாது. கதை நிற்க வேண்டுமே, தம்பி."

"அவள் விழுந்தால் உங்களுக்குக் கதை. எனக்கு?"

படலையைக் கட்டப் போகிறேன் என்று எழுந்து போனேன். திரும்பி வந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. கடியை நுனிக்கு மாற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன்—

வாசித்தபோது, கழுதை கடித்தது வேறு கயிறு போலத் தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

6

ஞாயிறு பூசை முடிந்து பின்னேரம். தாங்கியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். கடைசி நாள் என்பதால் கோகுலனையும் சேர்த்து, மூவரும் அதற்குக் கீழால் குனிந்து போனார்கள்.

டினோஜா விரல் மடங்குகிற சின்னச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தூணையும் விளிம்பையும் மாறிமாறிப் பார்த்தாள். "இண்டைக்கு விட மாட்டன், அண்ணை. விளிம்பிலை இடதுகைப்பிடியைக் கண்டுபிடிச்சிட்டன். நித்திரையிலையும் அதைப் பிடிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். விழுந்தாலும் என்ன, நீங்கள்தானே பிடிக்கிறியள்."

ஏறமுன் கயிற்றை நுனியிலிருந்து நுனிவரை விரல்களுக்கிடையில் ஓடவிட்டுப் பார்ப்பது றொசாந்தனின் வேலை. மற்ற இருவரும் அதைப் பார்ப்பதேயில்லை. அவன் பார்க்கிறானே என்ற எண்ணம். கயிறு ஓடியது. நடுவுக்கு வந்தது. விரல்கள் நின்றன.

"என்ன மச்சான், செபமாலை சொல்லுறியோ?" என்றான் கோகுலன். "எத்தினையாம் மணியிலை நிக்கிறாய்?"

"காத்து," என்றான் றொசாந்தன். விரல்கள் மெத்தென்ற இடத்தைத் தாண்டிப் போயின.

"கயிறேன் கருவாடு மணக்குது?" என்றாள் டினோஜா.

"தாழ்வுபாட்டிலை கயிறு மட்டுமோ? மாப்பிள்ளையும் அப்பிடித்தான் மணப்பான்," என்றான் கோகுலன். அவள் சிரித்துக்கொண்டே முடிச்சைப் போட்டாள்.

7

முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவதில் அவன் சொல்லிவிடுகிறான். கோகுலன் நிலத்தில் உருண்டு சிரிக்கிறான். டினோஜா சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்துவிட்டு, விளிம்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மறுநாள் மலை தூளாகிறது. அவள் மூன்று மாதம் அவனோடு கதைக்கவில்லை. உயிரோடுதான் கதைக்காமல் இருந்தாள். நல்ல முடிவு. ஆனால் அவன் வாயைத் திறக்க நான் பட்ட பாடு! ஒரு வசனத்துக்கு ஏழு தாள் போனது.

இரண்டாவதில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் விளிம்பைத் தாண்டி மேலே நின்று கூவுகிறாள். கயிறு தாங்குகிறது. எனக்கு ஆகப் பயமான முடிவு இதுதான். கயிறு நல்லதென்று றொசாந்தன் வீட்டுக்குக் கொண்டுபோவான். வேறு தூணுக்கென்று அடுத்த வெள்ளி கழுவுவான்.

மூன்றாவதில் ஒரு சொல்தான் எழுதினேன்:

கயிறு—

அதற்கு அப்பால் பேனா போகவில்லை. நானும் தள்ளவில்லை.

ஆகவே வாசகரே, இப்படிச் செய்வோம். நான் எழுந்துகொள்கிறேன், படலையும் அடிக்கிறது. றொசாந்தனை இரண்டு அடி தள்ளி நிறுத்துகிறேன். அவன் நின்ற இடத்தில் நீங்கள் நில்லுங்கள். கயிற்றைப் பிடித்த வலதுகையைக் கீழே வையுங்கள். கயிறு கொஞ்சம் உப்புப் பிசுபிசுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தெரியாதது எல்லாம் உங்களுக்குத் தெரியும். கோகுலன் உங்களைப் பார்த்துச் சிரிக்கப்போவதில்லை. உங்கள் மானம் போகாது.

டினோஜா இரண்டு விரல்களை முதல் ஓட்டையில் நுழைத்துவிட்டாள். கால் இன்னும் நிலத்தில்தான். தோளுக்கு மேலால் திரும்பி உங்களைப் பார்க்கிறாள்.

"பிடிச்சாச்சோ?"