நாபோரின் தூணும் தூளியும்

1.
இந்தக் கதை, பெரியவர்களும் படுத்துறங்கும் ஒரு வலைத்தூளியில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பாப்பனோவாவுக்குத் தெற்கே, கடலோரத்தில் எங்கள் ஊர். அங்கே நாபோர் வீட்டு முற்றத்தில் ஒரு சிமெண்ட் தூண் நிற்கிறது. அதன் உச்சியில் ஜி.பி.எஸ். கருவி. நிலம் நகர்ந்தால் அது தலைநகருக்குச் சொல்லும். அதில் எதையும் கட்டக் கூடாது. எங்கள் கரையிலோ, நிமிர்ந்து நிற்கும் எதையும் தூளி கட்டாமல் விட்டுவைக்க மாட்டோம். நாபோரும் கட்டினார், திட்டும் வாங்கினார்.

2.
முதல் தொடக்கம்: 'அன்று பூமி அதிர்ந்தபோது...' [அடித்துவிட்டேன். அன்று பூமி அதிரவில்லை. கதையே அதுதான்.]

இரண்டாவது தொடக்கம்: தூண் கடல் பக்கம் நகர்ந்திருப்பதைக் கணினியில் பார்த்த இன்ஜினியர் ஹெர்மிலா, பஸ் பிடித்து வந்து முற்றத்தில் நின்றாள்.

"மறுபடியும் தூளி கட்டினீங்களா, டொன் நாபோர்?"

"சத்தியமா இல்லைங்க இன்ஜினியரம்மா. நீங்க திட்டினதுலேருந்து புளியமரத்துலதான் படுக்கை."

"அப்போ தூண் எப்படி நகரும்?"

"இழுத்துட்டுப் போற அளவுக்கா நான் குண்டு?"

அவள் சிரிக்கவில்லை. கணினியைத் திறந்து மற்ற ஊர்த் தூண்களைப் பார்த்தாள். தூளியே காணாத மலையடிவாரத் தூண் வரை எல்லாம் கடலை நோக்கி நகர்ந்திருந்தன. கோபம் போன இடம் தெரியவில்லை. குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தாள்.

தென்னந்தோப்பு, கோயில், பன்றிகள், நாங்கள் எல்லோரும் சில மாதங்களில் இரண்டு விரற்கடை நழுவியிருக்கிறோம்.* ஒரு கோழி கூடக் கண் விழிக்கவில்லை. (இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். காலுக்குக் கீழே இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு பதமாக நகருமா? எனக்குப் புல்லரித்தது.)

* கடலடிப் பாறைத்தட்டு எங்கள் கரைக்கு அடியில் புகுந்து, கரையை மலைப்பக்கம் நெட்டிக்கொண்டே இருக்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை ஆழத்தில் பிடி தளர்ந்து, கரை சத்தமில்லாமல் திரும்பி வருகிறது.

3.
ஹெர்மிலாவை நான் முதலில் எல்லாம் தெரிந்தவளாக எழுதினேன். பொய். நாபோர் முதலில் கேட்டது இது:

"மெதுவாத்தானே போகுது? நல்லதுதானே?"

"சாமி சப்பரம் தூக்குறப்ப ஒருத்தர் நைசா தோளை எடுத்துட்டா?"

"பக்கத்துத் தோள்ல இறங்கும். எங்க ஊர்ல யாரு எடுப்பான்னும் எனக்குத் தெரியும்."

"இங்கயும் அதேதான். பக்கத்துல இன்னும் பிடி விடாத பாறை இருக்கு. பாரம் இப்ப அது மேல. தாங்கினாலும் தாங்கும். இல்லேன்னா பெரிய நடுக்கம்."

நாபோர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். புதுக் காங்கிரீட் கூரைத்தளம். கொத்தனார்கள் திருச்சிலுவை நாளன்று வீட்டுக்குக் காவலாக அதன்மேல் நட்ட சிலுவையில் காகிதப் பூ இன்னும் வெளுக்கவில்லை. அந்தத் தளத்தின் கீழே நிறைமாத மகள் ஒப்துலியா படுத்திருந்தாள்.

"அவ உள்ள படுக்கலாமா?"

"முன்னாடி எத்தனையோ தடவை ஒண்ணும் ஆகாமலே முடிஞ்சிருக்கு. ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

"சரி, வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள கட்டில் இருக்கு, கொஞ்சம் படுங்க."

ஹெர்மிலா தளத்தை அண்ணாந்து பார்த்தாள். "தூளியிலயே படுத்துக்கறேனே," என்றாள்.

நாபோர் உள்ளே போய்க் கட்டிலை இழுத்துவந்து புளியமரத்தடியில் போட்டு, மகளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்.

4.
முடிவு அ: அந்தச் சாயங்காலமே பாறை பிடி விட்டது. தளம் இறங்கியது. உள்ளே யாரும்...

முடிவு ஆ: ஒன்றும் நடக்கவில்லை. மரத்தடியில் பிறந்த குழந்தைக்கு ஊரே 'புளியங்கொட்டை' என்று பேர் வைத்துச் சிரித்தது.

இரண்டையும் அடித்துவிட்டேன். எதை வைத்துக்கொண்டாலும், ஹெர்மிலாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும்.

என்னால் சொல்ல முடிந்தது இதுதான். தூண், வீடு, கட்டில், தூளி, நான் எழுதும் மேசை எல்லாம் ஒன்றாகக் கடலைப் பார்த்து இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன. நாள்கள் சில ஆகிவிட்டன; ஹெர்மிலாவும் இன்னும் திரும்பிப் போகவில்லை. புளியமரத்தடியில் கொசு பிடுங்குகிறது. மேற்கே மழை கறுத்து வருகிறது. ஒப்துலியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்கிறாள்.

"முடியலப்பா. உள்ள போயிடட்டுமா?"

நாபோர் ஹெர்மிலாவைப் பார்க்கிறார். ஹெர்மிலா என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன்.