ஒட்டகச்சிவிங்கி தின்ற இடம்

“யாரும் நடக்காதீங்க!”

என் மனைவி சத்தம் போட்டபோது நான் வாசற்படியில் ஒரு காலை உள்ளே வைத்து, மறுகாலைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றேன். கேமரா மூன்று முறை சொடுக்கியது.

“இப்ப வாங்க. செருப்பைக் கழட்டிட்டு, சுவரோரமா.”

பலகைத் தரை அது. நடுவில் யாராவது கால் வைத்தால் கேமரா நிற்கும் ட்ரைபாட் மயிரிழை அசையும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். அதனால் அந்த வாடகை அறையில் எல்லோரும் பல்லி மாதிரி சுவரை ஒட்டித்தான் நடமாடுவோம். எல்லோரும் என்றால் மூன்று பேர். என் மனைவி, விளக்குகளைக் கவனித்துக்கொள்ளும் அவளுடைய அண்ணன், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் நான்.

மேசைமேல் ஒரு சாண் உயரத்தில் களிமண் ஒட்டகச்சிவிங்கி நின்றது. அதற்கு முன்னால், அதன் மார்பளவே உயரமுள்ள ஒரு வாசல். கதை அவ்வளவுதான். எல்லோரும் நுழையும் வீட்டுக்குள் அதனால் மட்டும் நுழைய முடியாது. பன்னிரண்டு நிமிடம் என்னென்னவோ முயன்று, கடைசியில் கழுத்தை மடக்கிக் கொண்டு உள்ளே போகும். பொம்மையை இம்மி நகர்த்திப் படம் எடுக்க வேண்டும், மறுபடி இம்மி நகர்த்தி மறுபடி எடுக்க வேண்டும். பன்னிரண்டு அசைவு சேர்ந்தால் ஒரு விநாடி. இப்படியே பதினான்கு மாதம் போயிருந்தது. அன்றைக்குக் கடைசி ஷாட். நூற்று முப்பத்திரண்டு அசைவில் நாற்பத்தொன்று முடிந்திருந்தது.

“நாற்பத்திரண்டாவதுல நின்னுடுச்சுங்க. டிஸ்க்குல இடமில்லைங்குது. அழுத்துறேன், அழுத்துறேன், அதையேதான் சொல்லுது.”

“மாப்ளே,” என்றார் மச்சான், ஸ்டூல்மேல் நின்றபடி. “நாலு டெரான்னு சொல்லித்தானே உங்க கடையிலேர்ந்து கொண்டாந்தீங்க? பாலுக்குத் தண்ணி ஊத்துற மாதிரி டிஸ்க்குக்கும் ஊத்துவாங்களா?”

“அண்ணே, ஏற்கெனவே எனக்கு உசுரு போகுது. சும்மா இரு.”

உயிர் போனது கழுத்தை நினைத்துத்தான். உள்ளே கம்பி, மேலே ஈரக் களிமண். காலை ஒன்பது மணிக்குப் பூசியது. நான்கு மணி நேரம் வளையும், அதற்குமேல் வெடிக்கும். தண்ணீர் தெளிக்கலாமே என்றால், தெளித்த இடத்தில் நிறம் கறுக்கும். பார்ப்பவர்களுக்கு ஒட்டகச்சிவிங்கிக்கு வியர்த்த மாதிரி இருக்கும். வேறு கழுத்து செய்தால் இந்த ஷாட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டும். அறையையோ மாலை காலி செய்தாக வேண்டும். அப்போது மணி பத்தரை.

எந்தக் கம்ப்யூட்டர்காரனுக்கும் முதலில் வாயில் வருவதுதான் எனக்கும் வந்தது. “ஒரு தடவை ரீஸ்டார்ட்...”

இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் வாக்கியத்தை விழுங்கினேன். படம் எடுக்கும் ப்ரோகிராமை மூடினால் கேமராவும் அணையும். திரும்ப விழிக்கும்போது தன் லென்ஸைத் தானே கொஞ்சம் உருட்டிப் பார்த்துக்கொள்ளும். காட்சி மயிரிழை விலகும், அத்தோடு முந்தைய நாற்பத்தொன்றும் போச்சு. ஆக, எதையும் அணைக்காமல், கழற்றாமல், உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

“ஏதாவது பழைய ஷாட்டை வேற இடத்துக்குத் தூக்கிப் போட்டுட்டு ஆரம்பிக்கலாமேங்க?”

“போடலாம். ஆனா டிஸ்க் சொல்றது பொய்யா இருந்தா? எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பினதுன்னு அதுக்கே குழம்பிப்போயிருந்தா, புதுப் படத்தைப் பழைய படத்துமேலயே எழுதிடும். போன வாரம் எடுத்ததுக்கு இன்னும் பிரதி எடுக்கலையே.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “எவ்ளோ நேரம்?”

“அரை மணி.”

முதலில் மச்சானின் சந்தேகத்தைத் தீர்த்தேன். பெட்டியில் 4 என்று போட்டிருக்கிறது, கம்ப்யூட்டர் 3.63 என்று காட்டுகிறது. யாரும் திருடவில்லை. “மச்சான், நீங்க என்னைவிட ஓரடி உயரம். ஒரே துணியை நீங்க முழம் போட்டா எட்டு வரும், நான் போட்டா ஒன்பது வரும். துணி குறைஞ்சுதா?” டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். அது குட்டைக் கை. கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநான்காக எண்ணுகிறது. அது நீளக் கை. கிலோ, மெகா, கிகா, டெரா என்று நான்கு படி ஏறும்போது படிக்குப் படி வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். அதுதான் அந்த இல்லாத 0.37.

“அப்ப நான்தான் நீளக் கையா? திருடன் பட்டம் எனக்கே வருது.”

ஆனால் உண்மையான பள்ளம் வேறு இடத்தில் இருந்தது. படத்தின் ஷாட்டுகள் இருக்கும் ஃபோல்டர்களைத் திறந்து, கண்ணில் பட்ட படங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தேன்: 0.95. டிஸ்க்கோ 3.63-உம் நிரம்பிவிட்டது என்கிறது. நடுவில் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் டெரா எங்கே?

ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனேன். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டி காலி. டிஸ்க் முழுவதும் ஒரே பகுதிதான், பிரிக்காமல் விட்ட இடமும் இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும். எந்த இடம் கெட்டது, எத்தனை முறை எழுத முடியாமல் திணறியது என்று. அதைத் திறந்தேன். கெட்ட இடம் பூஜ்யம். மூச்சு வந்தது. எதையும் திருத்தாமல் படிக்க மட்டும் செய்யும் சோதனை ஒன்று உண்டு, அதையும் ஓட்டினேன். இருபது நிமிடம். டிஸ்க்கின் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. நிரம்பிவிட்டது என்று அது சொல்வது சத்தியம்.

“அப்ப என்னதான் உள்ள இருக்கு? பேயா?” என்றார் மச்சான்.

அந்த நேரத்தில்தான் வீட்டில் இருக்கும் பிரதி டிஸ்க் நினைவுக்கு வந்தது. வாராவாரம் இதிலிருந்து அதற்குப் படங்களை நகல் எடுப்பேன். அது இரண்டு டெராதான். அதிலேயே பாதிதான் நிரம்பியிருந்தது. இங்கே பொங்கி வழியும்போது அங்கே எப்படிப் பாதி? நகல் எடுக்கும் ப்ரோகிராமில், மறைந்திருக்கும் ஃபைல்களை விட்டுவிடு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டவன் நானேதான், பதினான்கு மாதத்துக்கு முன்னால். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மறைந்தவற்றையும் காட்டு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். ஒவ்வொரு ஷாட்டுக்குள்ளும் மங்கலாக இன்னொரு ஃபோல்டர் எழுந்து நின்றது. உள்ளே படங்கள். எல்லாம் ஒட்டகச்சிவிங்கி.

“ஏம்மா, எடுத்தது சரியில்லைன்னா என்ன பண்ணுவே?”

“அழிச்சிட்டு மறுபடி எடுப்பேன்.”

“அது அழிக்கலை. எடுத்து உள்ள வச்சிருக்கு.”

படம் எடுக்கும் இந்தப் ப்ரோகிராமைச் செய்தவர்கள் பொம்மைப் படக்காரர்களை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். கோபத்தில் அழிப்பார்கள், பத்து நிமிடம் கழித்து அதுவே நன்றாக இருந்ததே என்று அழுவார்கள். அதனால் அழிக்கும் பொத்தானை அழுத்தினால் படம் வரிசையிலிருந்து மட்டும் நீங்கும். டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். அவள் ப்ரோகிராமின் கையேட்டைப் படித்ததில்லை. அவள் அழித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற ஆளும் இல்லை.

எத்தனை என்று எண்ணச் சொன்னேன். எழுபத்து மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் படங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து அசைவுக்கு மூன்று படம் எடுப்பாள். மூன்றால் வகுத்தேன். இருபத்து நான்காயிரத்து ஐந்நூறு அசைவுகள். படத்தில் தங்கியவை எட்டாயிரத்து எழுநூறு.

மச்சான் ஸ்டூலிலிருந்து இறங்கி, சுவரோரமாகவே வந்து, என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். ஒட்டகச்சிவிங்கி கண் சிமிட்டும் ஷாட். திரையில் வருவது அரை விநாடி. அதற்காக அவள் தூக்கிப் போட்டவை முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றில் இமை கொஞ்சம் அதிகம். அடுத்ததில் கொஞ்சம் கம்மி. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இருபது வருடமாக டிஸ்க்குகளைத் திறந்து பார்க்கிறேன். காணாமல் போன இடத்தில் பழைய சினிமா இருக்கும், யாரோ மறந்துபோன கல்யாண வீடியோ இருக்கும். ஒரு ஆளின் பிடிவாதம் இப்படி டெரா கணக்கில் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. என் வீட்டுக்காரி.

“அழிங்க,” என்றாள்.

“எல்லாத்தையுமா? எடுத்து வச்சுக்கலாமே. இவ்ளோ உழைப்பு...”

“அது உழைப்பு இல்லைங்க, தப்பு. உழைப்பு அந்தப் பக்கம் இருக்கு, எட்டாயிரத்து எழுநூறு. மணியைப் பாருங்க.”

பதினொன்று இருபது. இப்போதைய ஷாட்டின் ஃபோல்டரை மட்டும் தொடாமல், மற்றவற்றின் மறைவுப் படங்களை நீக்கினேன். ஏழு நிமிடத்தில் இரண்டே முக்கால் டெரா திரும்பி வந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். கேமரா மூன்று முறை சொடுக்கியது. நாற்பத்திரண்டு.

ஆனால் நான் ஒரு கணக்குப் போட்டுவிட்டேன், போட்டிருக்கக் கூடாது. தங்கும் ஒவ்வொரு அசைவுக்கும் கிட்டத்தட்ட மூன்று வீண் என்றால், மீதித் தொண்ணூறுக்கு முந்நூற்று அறுபது தடவை எடுக்க வேண்டும். மணிக்கு அறுபது வருவதே பெரிது. கழுத்துக்கு இருப்பதோ ஒன்றரை மணி நேரம். ஒன்றைக்கூட வீணாக்க வழியில்லை. மச்சானும் விரல்விட்டு எண்ணி முடித்து என்னைப் பார்த்தார்.

அவள் மட்டும் எண்ணவில்லை. கழுத்தில் விரல் வைப்பாள், மூச்சைப் பிடிப்பாள், நகர்த்துவாள், கையை எடுப்பாள், சொடுக்குவாள். திரையைப் பார்ப்பாள், தலையாட்டுவாள், மறுபடி விரல். அறுபது. எழுபத்தைந்து. அழிக்கும் பொத்தான் பக்கம் அந்தக் கை போகவே இல்லை. இருபத்து நான்காயிரம் தடவை அதிகமாகவும் கம்மியாகவும் போன விரலுக்கு, நடுவில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிட்டிருந்தது.

நூற்றுப் பத்தில் கழுத்தின் மடிப்பில் ஒரு கீறல் விழுந்தது. மச்சான் “ஐயையோ” என்று உதட்டை மட்டும் அசைத்தார். அவள் ஈர விரலைக் கேமராவுக்குத் தெரியாத பின்பக்கமாகக் கொண்டுபோய், கழுத்தை அங்கிருந்து முன்னால் தள்ளி மூடினாள். சொடுக்கினாள். திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு வாசலுக்கு வெளியே வால் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. நூற்று முப்பத்திரண்டு.

ஓடவிட்டுப் பார்த்தோம். பதினொரு விநாடி. ஒட்டகச்சிவிங்கி வாசலைப் பார்க்கிறது, பெருமூச்சு விடுகிற மாதிரி கழுத்தைத் தாழ்த்துகிறது, வெட்கத்தோடு நுழைகிறது. அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தரை கிறீச்சிட்டது. யாரும் கவலைப்படவில்லை.

மச்சான் அறையின் நடுவில், காலை நன்றாக அழுத்தி நடந்தபடியே வீட்டுக்குப் போன் போட்டார்.

“உள்ள போயிடுச்சு... யாரா? ஒட்டகச்சிவிங்கிதான், வேற யாரு... ஆமா, எல்லாம் அவளே, அவ கையாலதான்... நான் வெறும் லைட்டு. அதை விடு, இதைக் கேளு. என் தங்கச்சி இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு தடவை தப்பு பண்ணிருக்கா, தெரியுமா? சும்மா சொல்லலை. மாப்ள எண்ணிப் பாத்தாரு.”