தோல் நிறம்

என் பேத்தி தாரணிக்கு ஐந்து வயது. நடையும் பேச்சும் தாமதம். காதும் சரியாகக் கேட்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. காது கேட்கும் கருவி வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு மருமகள் உமாவோடு ஜாலான் புசார் சாலையிலுள்ள கடைக்குப் போனேன். உமாவின் அப்பா ரத்னவேல், யாரும் அழைக்காமலே வந்துவிட்டார்.

"வெளிய தெரியாததா குடுங்க. அடுத்த மாசம் காதுகுத்து, சொந்தமெல்லாம் வருவாங்க லா," என்றார்.

காதுக்குள் வைப்பது வளரும் காதுக்கு ஒத்துவராது, பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வாள், காதுக்குப் பின்னால் மாட்டுவதுதான் சரி என்றாள் கடைப்பெண்.

"அப்ப தோல் நிறத்துலயாவது எடுங்க."

எடுத்தாள். தாரணியின் கறுத்த காதில் அது பிளாஸ்திரி போல வெளுத்துத் தெரிந்தது.

"யார் தோல் சம்பந்தி இது? உங்க வம்சத்துல வெள்ளைக்காரன் உண்டா?"

உமா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"குடும்ப கௌரவம்னு ஒண்ணு இருக்கு," என்று முனகினார்.

"இருக்கு. எங்க வீட்டுப் பிள்ளையை ஒளிச்சு வச்சா அது போயிடும்."

சிவப்பை வாங்கினேன். கழற்றி எறிந்தாலும் கண்ணில் படும்.

காதுகுத்தன்று தாரணி தாய்மாமன் மடியில் உட்கார்ந்ததும், ரத்னவேல் கருவியின் மேல் மல்லிகைச் சரத்தை நெருக்கிப் போர்த்தினார். மூடினால் அது கூவும் என்று கடைப்பெண் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கருவி கீச்சென்று விசிலடித்தது. மண்டபமே திரும்பி அவரைப் பார்த்தது.

உமா எழுந்து போய்ப் பூவை எடுத்துவிட்டு, மகளின் முடியைக் காதுக்கு மேலே தூக்கிக் கட்டினாள்.