வேன் நிற்காத இடம்

1

இந்தக் கதை ஒரு நல்ல செய்தியிலிருந்து பிறந்தது. கம்பெனிகளுக்குப் போய், சாதி, மதம், ஆண், பெண் என்று எல்லா வேறுபாடுகளையும் பற்றி ஊழியர்களை மனம்விட்டுப் பேசவைப்பது என் தோழியின் வேலை. போனில் சொன்னாள்: “அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு தையல் கம்பெனி. யாருக்கும் ஒரு குறையும் இல்லையாம்.” அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

தொடக்கம்: ‘அன்று பந்தல்குடிச் சாலையில் வெயில்—’ வேண்டாம். வெயிலை எழுதிக்கொண்டிருந்தால் ஆட்களைத் தள்ளிப்போடலாம். அதனால்தான் அது முந்திக்கொண்டு வருகிறது.

2

சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். தோழிக்குக் கதையில் ரோஷினி என்று பெயர், மதுரைக்காரி. கூச்சம் போகட்டும் என்று எளிதாக ஒன்று கேட்டாள்.

“உங்க பேரு, ஊரு, கம்பெனி வேன் ஏறுற இடம். அது போதும்.”

ஊரைக் கேட்கலாம். ஏறும் இடத்தைக் கேட்டால் தெருவைக் கேட்டதாகிவிடும். தெருவைக் கேட்டால் மற்றதையும்.

(ரோஷினிக்கு இது தெரியாதா? தெரியாது. அவள் ஸ்கூட்டரில் போகிறவள்.)

வட்டத்தில் இருந்த தையல்காரி அழகுத்தாய் தன் பதிலை மனசுக்குள் சொல்லிப்பார்த்தாள். வேன் வரும் வழியில், அவள் ஊரில் முதலில் காலனி வரும், அப்புறம் கடைத்தெரு. அந்த ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான். காலனியிலிருந்து நடந்துபோய்க் கடைத்தெருவில் ஏறுவாள். ‘கடைத்தெரு’ என்றால் பொய்யில்லை.

ஆனால் திங்கட்கிழமை தங்கை பாண்டீஸ்வரியும் வேலைக்குச் சேர்கிறாள். “வாசல் வழியாப் போற வேனுக்கு நான் எதுக்குக்கா அங்கிட்டு நடக்கணும்? நீ வேணா நட. நான் காலனியிலதான் நிப்பேன்” என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள்.

3

வேன்களைக் கவனிக்கும் சூப்பர்வைசர் வீரபத்திரன் எழுந்தார். “நாங்க எல்லாம் ஒரே குடும்பம் மேடம். வேன்ல ஒரு புகார் கிடையாது. ஏற ஆளில்லைன்னு காலனி ஸ்டாப்பைக்கூட எடுத்துட்டோம். வண்டி வெள்ளனா வந்துருது.”

“வெள்ளனா வந்து என்னண்ணே செய்ய? டீயை லேட்டாத்தான குடுக்குறீக!” என்றாள் ஜெகதீஸ்வரி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள் பக்கத்திலிருந்த அழகுத்தாயின் தோளில் சாய்ந்து கிசுகிசுத்தாள்: “நல்லதாப் போச்சு போ. இல்லாட்டி அதுகளோடல்ல இடிச்சுக்கிட்டு வரணும்.”

(இவளை மாற்றப் பார்த்தேன். அழகுத்தாய் காய்ச்சலில் கிடந்தபோது அவள் பங்குச் சட்டைகளையும் சேர்த்துத் தைத்தவள் இவள். இரண்டையும் ஒரே ஆள்மீது எழுதக் கை தயங்கியது. எழுதிவிட்டேன்.)

4

ஒரு முடிவு: அழகுத்தாய் “கடைத்தெரு” என்கிறாள். கைதட்டுகிறார்கள். திங்கட்கிழமை, கைகாட்டி நிற்கும் பாண்டீஸ்வரியைத் தாண்டி வேன் அக்காவின் முன்னால் வந்து நிற்கிறது. அக்கா ஏறி—

இன்னொரு முடிவு: எல்லோரும் அழுது, கட்டிப்பிடித்து... இதை நானே நம்பவில்லை.

அழகுத்தாய் எழுந்தாள்.

“பேரு அழகுத்தாய். கடைத்தெருவுல ஏறுறேன். வீடு காலனியில. இத்தன நாளா அங்க நடந்து போயித்தான் ஏறுனேன். திங்கக்கிழமை எந்தங்கச்சியும் வாரா. காலனியில வேனை நிப்பாட்டுங்கண்ணே. ரெண்டு பேரு ஏறுவோம்.”

உட்கார்ந்துவிட்டாள். இதுவரை எனக்குத் தெரியும். வட்டத்தில் அடுத்துப் பேசவேண்டியவள் ஜெகதீஸ்வரி. அவளுக்காக நான் எழுதிப் பார்த்த பேச்செல்லாம் என் ஆசையாக இருக்கிறதே தவிர, அவள் பேச்சாக இல்லை.

அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ரோஷினி மைக்கை நீட்டுகிறாள். எல்லோரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள், அழகுத்தாயைத் தவிர.