சர்க்கரை ஒரு தேக்கரண்டி

இனி இடமில்லை என்று போன் மறுபடியும் சொன்னது. றஞ்சனி கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டு, எதை அழிப்பது என்று தெரியாமல் விரலால் மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாள். இறால் வடை, பூசணிக்காய்ப் பாயாசம், வாய்ப்புண்ணுக்குச் சொதி, யாரோ ஒரு மனுசி கேக் சுட்ட கதை, எல்லாம் படம்படமாகக் கிடந்தன. தேடுகிற ஒன்றை மட்டும் காணோம். சனியன் பிடித்த போன்!

“அம்பிட்டுதோ?” என்று கட்டிலில் இருந்து புருசன் ஸ்ரனிஸ்லஸ் கேட்டார்.

“பொறுங்கோ, தேடுறனெல்லோ.”

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கொழும்பில் செய்யக்கூடியதெல்லாம் செய்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். மீன்பிடித்துக் கடலால் வந்தால் ஒரு கோப்பை சோற்றுக்கு அரைச்சட்டி மீன்குழம்பு ஊற்றித் தின்ற மனிதர், இப்போது எதைக் கொடுத்தாலும் மண்மாதிரிக் கிடக்குது என்று முகத்தைத் திருப்பினார். றஞ்சனியும் விடவில்லை. யூடியூப், பேஸ்புக், வட்ஸ்அப் என்று கண்ட கண்ட இடத்தில் எல்லாம் பார்த்துச் செய்தாள். போன கிழமை இந்தியாக்காரி ஒருத்தியின் வீடியோவைப் பார்த்து வைத்த தக்காளி சூப்பை மட்டும் மனிதர் கோப்பையை வழித்துக் குடித்தார். அதன்பிறகு ஒன்றும் இறங்கவில்லை. இன்று விடியக் கண்ணைத் திறந்து, “அண்டைக்குத் தந்த சூப்பை இன்னொருக்கா வைச்சுத் தாவன்” என்றார். மாதக்கணக்கில் அவர் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். எப்படியாவது வைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று றஞ்சனி துடித்தாள்.

கிளிநொச்சியில் கந்தோர் வேலையில் இருந்து லீவு போட்டு வந்திருந்த மகள் ஜெயரூபினி போனைப் பறித்தாள். “தாங்கோம்மா இஞ்ச. இப்பிடிக் குப்பைக்குள்ள தேடினா எப்பிடி? இதுகளைச் சேர்த்து வைக்கிறதுக்கெண்டு அப் இருக்கு.”

“என்னவாம்?” என்றார் ஸ்ரனிஸ்லஸ்.

“சமையலுக்கு அப் வேணுமாம் உங்கட மகளுக்கு.”

“எங்கட அம்மா அப்பில்லாமல்தானே அப்பம் சுட்டவா” என்றார். சிரிக்கப் போய் இருமினார். றஞ்சனி ஓடிப்போய் நெஞ்சைத் தடவிவிட்டாள்.

மகள் பாயில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தாள். ஒன்று முழுக்க இங்கிலீசில் கதைத்தது. இன்னொன்று திறந்த உடனேயே காசு கேட்டது. மூன்றாவது வடிவாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டுமாம்.

“நான் எழுதி முடிய சூப் ஆறிப்போயிடும், விடு” என்றாள் றஞ்சனி.

கடைசியில் ஒன்று சரிவந்தது. வீடியோவின் இணைப்பைக் கொடுத்தால் போதும், சாமான் வேறு, செய்முறை வேறு என்று தானே பிரித்து எழுதித் தந்தது. வேண்டியதை மாற்றியும் வைக்கலாம். ஜெயரூபினி யூடியூப்பில் அம்மா முன்னர் பார்த்தவற்றைத் தோண்டி அந்த இந்தியாக்காரியைக் கண்டுபிடித்தாள்.

“இவதான்! இவவேதான்!” றஞ்சனி கைதட்டினாள்.

எந்தப் பெயரில் சேர்ப்பது என்று செயலி கேட்டது. ‘அப்பாவுக்கு’ என்று மகள் போட்டாள். பிறகு அம்மாவுக்கு விளங்கட்டும் என்று சொற்களையும் திருத்தினாள். பூண்டு என்று இருந்ததை உள்ளி ஆக்கினாள். சர்க்கரை ஒரு தேக்கரண்டி என்று இருந்ததைச் சீனி ஆக்கினாள்.

“இந்தியாக்காரர் சர்க்கரை எண்டு சொல்லுறது எங்கட சீனியை, அம்மா.”

“அப்பிடியே? சரி சரி, சீனியைப் போடுறன்.” அவளுக்கு அடுப்பை மூட்டுகிற அவசரம்.

போன் வாசிக்க வாசிக்க வைத்தாள். நிறமும் பதமும் அச்சாவாக வந்தன. ஊதி ஆற்றி ஒரு கரண்டி பருக்கினாள். அவர் வாய்க்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

“இது இல்லை.”

“அதேதான். அதே தக்காளி, அதே இந்தியாக்காரி.”

“இல்லை றஞ்சனி. அது வேற ருசி.”

விடியத்தொடக்கம் பட்ட பாடெல்லாம் றஞ்சனிக்குக் கோபமாக ஏறியது. “சூப் அதேதான். உங்கட நாக்குத்தான் செத்துப்போச்சு” என்றாள்.

ஸ்ரனிஸ்லஸ் அவளைப் பார்த்தார். “ஓம், அப்பிடித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பின்னேரம் காற்று மாறுகிற நேரத்தில், ஒருவரையும் கூப்பிடாமலே அவருடைய மூச்சு நின்றுவிட்டது. சூப் கோப்பை கதிரையில் ஆடை படர்ந்து அப்படியே இருந்தது.

அடுத்த நாள் வீடு நிறையச் சனம். முற்றத்துப் பந்தலுக்குக் கீழே அவரோடு கடலில் தொழில் செய்த கரைவலைக்காரர் கதிரை போட்டு இருந்தார்கள். உள்ளே பெண்கள் செபமாலை சொன்னார்கள். றஞ்சனி பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து வாயசைத்தாளே தவிர, செபம் ஒன்றும் வரவில்லை. நாக்குச் செத்துப்போச்சு. நாக்குச் செத்துப்போச்சு. அவருக்குச் சொன்ன கடைசிக் கதை அது. வேறு ஏதும் சொல்லியிருக்கக் கூடாதா?

சவம் கிடக்கிற வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டு ஜோசப்பீன் அக்காதான் தன் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார்.

“குடி பிள்ளை. சாமியார் வரமுந்தி இதையெண்டாலும் குடி. சீனி முடிஞ்சுது, கடைக்கு ஆள் போயிட்டுது. உன்ர குசினி டின்னுக்கை கிடந்த சர்க்கரையைத்தான் உடைச்சு எடுத்தனான். கடிச்சுக்கொண்டு குடி.”

உள்ளங்கையில் ஒரு மண்ணிறத் துண்டு. ஒரு பக்கம் கத்தியால் சுரண்டியிருந்தது. றஞ்சனி கடித்தாள். கடித்த வாய் அப்படியே நின்றது.

அன்றைக்கு அந்த இந்தியாக்காரி சர்க்கரை என்று சொல்ல, இந்தச் சர்க்கரையைத்தானே றஞ்சனி சுரண்டிப் போட்டாள்! பொங்கல் புக்கைக்கு வாங்கி வைத்த வெல்லக்கட்டி. அதுதான் அவர் கோப்பையை வழித்துக் குடித்த சூப். நேற்று சீனி போட்டு வைத்தது வேறு.

“அக்கா” என்றாள். “அந்தாளின்ர நாக்குச் சரியாத்தான் இருந்திருக்கு.”

“என்ன பிள்ளை சொல்லுறாய்?”

றஞ்சனி மகளைக் கூப்பிட்டாள். “பிள்ளை, போனைக் கொண்டா. அந்த அப்பைத் திற.”

“இப்பவோ அம்மா? சனமெல்லாம் பாக்குது.”

“பாக்கட்டும். கொப்பான்ர சூப்பை எடு. சீனியை அழிச்சுப்போட்டு, முந்தி இருந்தமாதிரிச் சர்க்கரை எண்டு போடு.”

ஜெயரூபினி அம்மாவின் கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். கண்ணீர் திரையில் விழ விழ, துடைத்துத் துடைத்து எழுதினாள். மாற்றத்தைச் சேமிக்கவா என்று செயலி கேட்டது.

“ஓமெண்டு குடு” என்றாள் றஞ்சனி.

பிறகு அவள் எழும்பி, செபமாலை சுற்றியிருந்த அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சர்க்கரை பட்ட கை பிசுபிசுத்தது. கழுவ நினைக்கவில்லை.

சாமியார் படலைக்குள் வந்துவிட்டார். சனம் எழும்பியது. பெட்டியின் வெள்ளைத் துணியில் ஓர் எறும்பு ஊர்ந்து அவருடைய விரலில் ஏறியது. ஜோசப்பீன் அக்கா தட்டிவிடக் கையை நீட்டினார்.

“விடுங்கோ அக்கா” என்றாள் றஞ்சனி. “அது சர்க்கரைக்கு வருது.”